கிணற்றை நிரப்புறது மழை மட்டும்தானா? நாஞ்சில் நாட்டுக்கு ஒரு சின்ன மாடல்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் வந்த இழுவைகளை வெட்டி, கணக்குகளை மறுபடி சரிபார்த்துப் போட்டிருக்கேன்.)

இந்த வாரம் கொஞ்சம் கணக்கு இருக்கு. ஆனா எட்டாங்கிளாஸ் கணக்குதான், பயப்படாதீங்க.

விஷயம் ஒரு போன் காலில் ஆரம்பிச்சது. நான் திருவனந்தபுரத்துல வேலை பார்க்கேன், வீடு நாகர்கோவிலுக்கு வெளியே. அம்மா கூப்பிட்டாங்க. "மழை பெய்ஞ்சா முற்றம் முழுக்க சகதி மக்கா. இன்டர்லாக் கல்லு போட்டுருவோம். ஆளு வந்து அளந்துட்டுப் போயாச்சு." நான் உடனே பெரிய ஆளு மாதிரி, "ஐயோ, கிணத்துக்குத் தண்ணி எப்படி இறங்கும்?"னு கேட்டேன். அம்மா கேட்ட எதிர்க்கேள்விதான் இந்த எபிசோட்: "எவ்வளவு இறங்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்னு பைத்தான்ல உட்கார்ந்தேன். முற்றத்துக்குப் போட ஆரம்பிச்ச கணக்கு, வீட்டுக்குப் பின்னால இருக்கிற சித்தப்பாவோட ஒரு ஏக்கர் வயல்ல போய் நின்னுச்சு. அந்த வயலை பிளாட் போட்டு விக்கிற பேச்சு இப்ப வீட்டுல ஓடுது. அதனால இது எனக்கு வெறும் டெக்னிக்கல் டாபிக் இல்லை.

மாடல் என்றால் என்ன?

நிலத்தடி நீர் செறிவு, அதாவது ரீசார்ஜ், என்பதை நேரடியாக அளக்க முடியாது. மண்ணுக்குள்ள மீட்டர் வைக்க முடியாதே. அதனால வரவு செலவுக் கணக்குதான் போடுறாங்க. விழுந்த மழையில் ஓடிப்போனது எவ்வளவு, ஆவியானதும் செடி குடிச்சதும் எவ்வளவு, மண்ணில் தங்கினது எவ்வளவு? இதையெல்லாம் கழிச்சா மிச்சம் கீழே இறங்கினது.

இதைப் பெரிய அளவுல செய்ய மென்பொருள்கள் இருக்கு. 'ஸ்வாட்' என்பது அமெரிக்க வேளாண்துறை சார்பில் உருவானது. ஒரு ஆற்றுப் படுகையைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் மழை, மண், பயிர் கணக்கைத் தினமும் ஓட்டும். 'மாட்ஃப்ளோ' அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தோடது, 1984-ல் வந்தது. அது பூமிக்கு அடியை கட்டம் கட்டமா பிரிச்சு, தண்ணி எந்தக் கட்டத்துல இருந்து எந்தக் கட்டத்துக்கு நகருதுன்னு பார்க்கும். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ரெண்டையும் இணைச்சும் ஓட்டுவாங்க.

நம்ம நாட்டுல மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநிலங்களும் சேர்ந்து செய்யும் மதிப்பீடு இதைவிட எளிமையானது. அதோட கையேட்டில் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு சதவீதம் இருக்கு. களிமண் அதிகமா இருக்கிற, சிதைந்த கிரானைட், நைஸ் பாறைப் பகுதி என்றால் மழையில் 8%. களிமண் கம்மின்னா 11%. செம்புரைக்கல் என்றால் 7%. சிதையாத, வெடிப்பில்லாத பாறைக்கு 1%.

ஸ்கூல்ல 'மழைநீர் உயிர்நீர்'னு போஸ்டர் வரைஞ்ச எனக்கு இந்த 8% பெரிய அதிர்ச்சி. பெய்யுற மழையில பத்துல ஒரு பங்குகூட நம்ம கிணத்துக்கு வரலை.

இப்ப முற்றம். இன்டர்லாக் போடுற இடம் 5 சென்ட், சுமார் 200 சதுர மீட்டர். ஆண்டு மழை 1400 மில்லிமீட்டர்னு வச்சுப்போம். விழுறது 2.8 லட்சம் லிட்டர். அதுல 8% என்றால் 22,400 லிட்டர். நகரத்துக்கான அரசுக் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். எங்க வீட்டுல 4 பேர், வருஷத்துக்கு 1.97 லட்சம் லிட்டர். அதாவது முற்றம் தர்றது எங்க செலவுல ஒன்பதுல ஒரு பங்குதான்.

அப்போ கிணறு எப்படி இத்தனை வருஷமா வத்தாம கிடக்கு? என் மாடல்ல ஏதோ பெரிய வரவு விட்டுப்போயிருக்கு. டீபக் பண்ண ஆரம்பிச்சேன்.

முதல் பிழை: எல்லைக்கோடு

ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியை மாடல் பண்ணும்போது முதல் வேலை எல்லை வரையறது. செயற்கைக்கோள் தரும் உயர வரைபடத்தைக் கொடுத்தா, எந்த மேட்டுல விழுற தண்ணி எந்தப் பள்ளத்துக்குப் போகும்னு பார்த்து மென்பொருளே கோடு போட்டுடும். ஒரு பட்டன் வேலை.

நாஞ்சில் நாட்டோட ஆறு பழையாறு. சுருளோடு பக்கம் ஆரம்பிச்சு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களுக்கு நடுவுல வந்து மணக்குடியில கடலோட சேருது. மென்பொருள் அதுக்கு அழகா ஒரு எல்லை போட்டுக் கொடுத்துச்சு.

ஆனா பழையாற்றில் ஓடுறது அந்த எல்லைக்குள்ள பெய்ஞ்ச மழை மட்டும் இல்லை. பக்கத்துப் படுகையில் ஓடும் பறளியாற்றை மறிச்சு, பாண்டியன் கால் வழியா பழையாற்றுக்குத் தண்ணி திருப்பி விட்டிருக்காங்க. பேரே சொல்லுது, இது பழைய வேலை. அப்புறம் திருவிதாங்கூர் அரசு காலத்துல, 1906-ல் கோதையாற்றுல பேச்சிப்பாறை அணை கட்டி முடிஞ்சது. பெருஞ்சாணி அணை பறளியாற்றுல பிறகு வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையோட ஈரமான பக்கத்துல பெய்யுற மழை, மலையடிவாரத்தைச் சுத்தி சானல் வழியா இந்தப் பக்கம் வருது.

உயர வரைபடத்துக்கு இது எதுவும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது மேடும் பள்ளமும் மட்டும்தான். ஒரு ஊருக்கு வெளியில இருந்து வர்ற பணத்தைக் கணக்குல சேர்க்காம அந்த ஊர் எப்படிச் சாப்பிடுதுன்னு கேட்ட மாதிரி ஆச்சு என் கதை. நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவுல இருந்து பணம் அனுப்பின காலம் ஞாபகம் இருக்குல்லா? அதேதான்.

இரண்டாவது பிழை: வயல்

என் நிலப்பயன்பாட்டு வரைபடத்துல சித்தப்பா வயல் ஒரு பச்சைக் கட்டம். மழை பெய்ஞ்சா நனையும், அவ்வளவுதான். நெல்வயல் அப்படியா இருக்கு? வரப்பு கட்டி, தொளி கலக்கி, மாசக்கணக்குல தண்ணி கட்டி வைக்கிற இடம் அது.

அரசுக் கையேட்டுல இதுக்கும் ஒரு எண் இருக்கு. கால்வாய்த் தண்ணியில நெல் பயிராகி, அங்க நிலத்தடி நீர்மட்டம் 10 மீட்டருக்குள்ள இருந்தா, பாய்ச்சுற தண்ணியில 50% மறுபடி நிலத்துக்குள்ள இறங்குதுன்னு எடுத்துக்கணும்.

ஒரு பூவுக்கு 1000 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சமமான தண்ணி பாயுதுன்னு வச்சுப்போம். ஒரு ஏக்கருக்கு அது சுமார் 40 லட்சம் லிட்டர். அதுல பாதி, 20 லட்சம், கீழே இறங்குது. நமக்குக் கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகம். ஆக வருஷத்துக்கு 40 லட்சம் லிட்டர். அதே ஏக்கர்ல மழை மட்டும் தர்ற செறிவு, 8% கணக்குல, வெறும் நாலரை லட்சம் லிட்டர்.

நாலரை எங்கே, நாப்பது எங்கே! இந்த எண்ணைப் பார்த்துட்டு கோடுல தப்பு இருக்கும்னு மூணு தடவை ஓட்டினேன். தப்பு இல்லை. எங்க கிணத்தை நிரப்பினது வானத்துல இருந்து நேரா விழுந்த மழை இல்லை. மலையில பெய்ஞ்சு, அணையில நின்னு, சானல்ல நடந்து, வயல்ல உட்கார்ந்து, அப்புறம் மெதுவா இறங்கின மழை.

ஒரு எச்சரிக்கை. இந்த சதவீதங்கள் ஒரு பெரிய பகுதிக்கான சராசரி. ஒரு தனி ஏக்கர்ல களிமண்ணைப் பொறுத்து ரொம்ப மாறும். ஆனா எண்ணைப் பாதியாக் குறைச்சாலும் கதை மாறலை.

சின்ன வாளி

இப்ப ஒரு நியாயமான கேள்வி வரும். வருஷம் 40 லட்சம் லிட்டர் இறங்குதுன்னா, நமக்குக் கீழே பெரிய கடலே இருக்கணுமே?

இல்லை. நம்ம காலடியில இருக்கிறது பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் மாதிரியான கடினப் பாறை. அதுக்கு மேல சிதைஞ்சுபோன ஒரு அடுக்கு. தண்ணி நிக்கிறது அந்தச் சிதைவிலும் பாறை வெடிப்பிலும்தான். இந்த மாதிரிப் பாறையில இருந்து நாம எடுக்கக்கூடிய தண்ணியின் அளவு சுமார் 3%. கடற்கரை மணல்ல அது 16% வரை இருக்கும்.

அர்த்தம் என்னன்னா, கிணத்துல நீர்மட்டம் 1 மீட்டர் ஏறினா நிலத்துக்குள்ள சேர்ந்தது 3 சென்டிமீட்டர் தண்ணிதான். ஒரு ஏக்கருக்கு அடியில 5 மீட்டர் ஆழத்துக்கு வாளியோட கொள்ளளவு சுமார் 6 லட்சம் லிட்டர்.

வாளி 6 லட்சம், ஊத்துறது 45 லட்சம். மிச்சம் எங்கே போகுது? பக்கவாட்டில் நகருது. அடுத்த வீட்டுக் கிணறு, பள்ளத்துல இருக்கிற அடுத்த குளம், கடைசியில பழையாறு. கோடையில மழையே இல்லாதப்பவும் ஓடையில ஒரு நூல் தண்ணி ஓடுமே, அதுல இதுக்கும் பங்கு உண்டு.

இதுதான் நான் இந்த மாடல்ல இருந்து கத்துக்கிட்ட முக்கியமான விஷயம். நாஞ்சில் நாட்டோட வாளி சின்னது. அது நிறைஞ்சே இருந்ததுக்குக் காரணம் திரும்பத் திரும்ப நிரப்பினது. தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. அந்த ரெண்டுக்கும் இடைப்பட்ட நாள்களை வயலும் குளமும் சானலும் பார்த்துக்கிட்டன. நகரமாகும்போது வாளி உடையலை. நிரப்புற கைதான் ஒவ்வொண்ணா விலகுது.

குளமும் சானலும்

இந்த மாவட்டத்துல 2000-க்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கு. குளத்துக்கு அரசுக் கையேடு தரும் எண்: தண்ணி நிக்கிற பரப்பில் ஒரு நாளைக்கு 1.4 மில்லிமீட்டர் இறங்கும். கேட்கச் சின்னதா இருக்கும். 10 ஹெக்டேர் குளம் ஒண்ணுல 250 நாள் தண்ணி நின்னா 3.5 கோடி லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர்னா, சுமார் 700 பேருக்கு ஒரு வருஷத் தண்ணி. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களைப் பத்தி பேசும்போது எல்லாரும் பறவைகளைச் சொல்றோம், சரிதான். கீழே இறங்குற இந்தத் தண்ணி யாருக்கும் தெரியாம நடக்குற வேலை.

சானல் இன்னும் சுவாரஸ்யம். சாதாரண மண்ல ஓடுற, கான்கிரீட் போடாத சானல்ல, தண்ணி படுற பரப்பு 10 லட்சம் சதுர மீட்டருக்கு நொடிக்கு 1.8 முதல் 2.5 கன மீட்டர் வரை கசியும்னு கையேடு சொல்லுது. தண்ணி படுற அகலம் 5 மீட்டர்னு வச்சா, ஒரு கிலோமீட்டர்ல குறைஞ்சது ஒரு நாளைக்கு 7.8 லட்சம் லிட்டர். கான்கிரீட் போட்டா அதுல 20%தான், ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல.

பாசனப் பொறியாளர் பார்வையில அந்தக் கசிவு நஷ்டம். கடைமடைக்குத் தண்ணி சேரணும்னா கான்கிரீட் போடணும்னு விவசாயியே கேட்பார், அதுல நியாயம் இருக்கு. ஆனா சானல்கரை வீட்டுக் கிணத்துக்கு அந்தக் கசிவுதான் வரவு. ஒரு மாட்யூல்ல வேஸ்டுன்னு நீக்கின வரி, இன்னொரு மாட்யூலுக்கு இன்புட். நம்ம எல்லாருக்கும் ஆபீஸ்ல நடந்த கதைதான்.

நகரமாகும்போது

2011 கணக்கெடுப்புப்படி கன்னியாகுமரி மாவட்ட மக்கள்தொகையில் சுமார் 82% நகர்ப்புறம். தமிழ்நாட்டுல சென்னைக்கு அடுத்த இடம். ஆனா நம்ம ஊரை நகரம்னு யாரும் நினைக்கிறதில்லை, ஏன்னா ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவுல ஒரு தென்னை நிக்குது. பேரூராட்சி பேரூராட்சியாப் பரவுற நகரம் இது.

மேற்பரப்பு மாறினா என்ன ஆகும்னு பார்க்க 'கர்வ் நம்பர்' முறை இருக்கு. நிலத்துக்கு 100-க்குள்ள ஒரு மார்க் போடணும். மார்க் கூடக்கூட தண்ணி அதிகமா ஓடும். ஒரே நாள்ல 100 மில்லிமீட்டர் மழைன்னு எடுத்துப்போம். 70 மார்க் தோட்டத்துல 33 மில்லிமீட்டர் ஓடும். அதே இடம் 90 மார்க் குடியிருப்பா மாறினா 73 ஓடும். ரெண்டு மடங்குக்கு மேல. 2021 நவம்பர் வெள்ளத்துல பார்த்தோமே, அதுக்கு மழைதான் காரணம். ஆனா ஓடுற வேகத்தைக் கூட்டுறதுல நாமளும் இருக்கோம்.

நகரமானா செறிவு எப்பவும் குறையும்னும் சொல்ல முடியாது. டேவிட் லெர்னர் என்ற நிலத்தடி நீர் ஆய்வாளர் 2002-ல் எழுதின ஒரு தொகுப்புக் கட்டுரை இதைப் பேசுது: கசியும் குடிநீர்க் குழாய், செப்டிக் டேங்க் இவற்றால பல நகரங்கள்ல செறிவு கூடவும் செய்யுது. அளவு கூடும், தரம் போகும். அந்தத் தண்ணியோட நைட்ரேட்டும் வரும். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். பத்து சென்ட்டுக்குள்ள செப்டிக் டேங்கும் கிணறும் பக்கத்துல பக்கத்துல இருக்கிற நமக்கு இது முக்கியம்.

கடற்கரைக்கு இன்னொரு கணக்கு. மணக்குடி, இராஜாக்கமங்கலம் பக்கம் மணலுக்குள்ள நல்ல தண்ணி, உப்புத்தண்ணி மேல மிதக்குது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற ரெண்டு பேர் தனித்தனியா கண்டுபிடிச்ச விகிதம்: கடல்மட்டத்துக்கு மேல 1 மீட்டர் நல்ல தண்ணி நின்னா, கீழே 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணி. மேல 1 மீட்டர் குறைஞ்சா, கீழே உப்பு எல்லை ஏறுறதும் அந்தக் கணக்குலதான். மேலே இருக்கிற வயல்ல இருந்து நகர்ந்து வர்ற தண்ணி குறைஞ்சா, கடைசியில அதைத் தாங்குறது கடற்கரைக் கிணறு.

ஒரு ஏக்கர், பத்து வீடு

இப்ப சித்தப்பா வயலுக்கு வருவோம். 100 சென்ட்ல வழி விட்டது போக 8 சென்ட் பிளாட்டா பத்து வீடு வரும்னு வைங்க. இப்போ அந்த நிலம் தர்றது வருஷம் 45 லட்சம் லிட்டர். வீடு வந்தபிறகு?

தமிழ்நாட்டுல 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆச்சு. பத்து வீடும் அதை ஒழுங்கா செய்யுதுன்னே வச்சுப்போம். 4 சென்ட் கூரையில விழுற மழையில 80% பிடிச்சா, வீட்டுக்கு 1.8 லட்சம் லிட்டர். பத்து வீட்டுக்கு 18 லட்சம். அதுவும் நவம்பர்ல வாளி நிறைஞ்சிருக்கும்போது குழி வாங்காது, வழிஞ்சு ஓடும். அந்தப் பத்து வீடும் செலவழிக்கிறது கிட்டத்தட்ட 20 லட்சம்.

வரவு 45-ல இருந்து 18-க்கு, புதுச் செலவு 20. அந்த இருபதுல கொஞ்சம் செப்டிக் டேங்க் வழியா திரும்பி வரும், மேல சொன்ன நைட்ரேட்டோட. இவ்வளவும் எல்லாரும் சட்டத்தை முழுசா மதிச்சா கிடைக்கிற நல்ல ரிசல்ட்.

தமிழ்நாட்டுல நிலத்தடி நீரை ஃபிர்கா வாரியா மதிப்பிடுறாங்க. எடுக்கிறது செறிவுல 70% வரைன்னா 'பாதுகாப்பானது'. 2022-ல இருந்து இதை வருஷா வருஷம் செய்யறாங்க. நல்ல விஷயம். ஆனா ஒரு ஃபிர்கா பெரிய பரப்பு. அதுல ஒரு ஏக்கர் மறைஞ்சா சராசரி அசையாது. ஒவ்வொரு வயலா போகும்போது, அந்தந்தத் தெருக் கிணறுதான் முதல்ல சொல்லும்.

லேப்டாப்பை எடுத்துட்டுப் போய் சித்தப்பாகிட்ட காட்டினேன். பொறுமையா முழுசும் கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "செரிடே. நீ கம்ப்யூட்டர்ல நெல்லு வைக்க, நான் சேத்துல வைக்கேன். நாத்து நட ஆளு இல்ல. தண்ணி வேண்டிய நேரத்துல கடைமடைக்கு வரல்ல. இந்த நாப்பது லட்சம் லிட்டருக்கு ஊர்க்காரன் எனக்கு எத்தனை ரூவா தாறான்?"

பதில் இல்லை. உண்மையிலேயே இல்லை. அந்த வயல் சுத்தியிருக்கிற இருபது கிணத்துக்குத் தண்ணி தருது, ஆனா அதோட நஷ்டம் ஒரே ஆளு தலையில. 'விக்காதீங்க'ன்னு மாசச் சம்பளம் வாங்குற நான் சொல்றது சுலபம். நெல்லுக்கு விலை இருக்கு, நிலத்துக்கு விலை இருக்கு, இறங்குற தண்ணிக்கு விலை இல்லை. குளத்தையும் சானலையும் தூர்வாரணும்னு கேட்கிற நாம, வயலையும் அதே பட்டியல்ல வச்சுப் பேச ஆரம்பிக்கணும்னு தோணுது.

நீங்க செய்யக்கூடியது

எந்த மாடலையும் நிஜத்தோட ஒப்பிட்டுச் சரிபார்க்கணும். அதுக்கு அளவு வேணும். வீட்டுல கிணறு இருந்தா ஒரு கயித்துல கல்லைக் கட்டி, கிணத்து விளிம்புல இருந்து தண்ணி வரை எத்தனை மீட்டர்னு அளங்க. காலையில, மோட்டார் போடுறதுக்கு முன்னாடி. மாசத்துக்கு ஒரு தடவை, ஒரே தேதியில. ஒரு வருஷம் எழுதி வச்சா, உங்க கிணறு மழைக்கு ஏறுதா, இல்லை சானல் திறக்கும்போது ஏறுதான்னு தெரிஞ்சிடும். எங்க கிணத்தை அளக்க ஆரம்பிச்சாச்சு. அளக்கிறது அம்மா.

இன்டர்லாக் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. கார் வர்ற தடத்துக்கு மட்டும் போட்டோம். மிச்ச முற்றம் மண்ணாவே கிடக்கு. கூரைத் தண்ணி இப்ப கிணத்துப் பக்கத்துல ஒரு குழிக்குப் போகுது. அம்மாவுக்குப் பாதி சந்தோஷம்.

சித்தப்பா இந்தக் கும்பப்பூவுக்கு நாத்துப் பாவியிருக்காங்க. அடுத்த கன்னிப்பூவுக்கு என்னன்னு அவங்களும் சொல்லலை, நானும் கேட்கலை.

உங்க கிணத்து அளவுகளை அனுப்புங்க, ஒரு வருஷம் கழிச்சு எல்லாத்தையும் சேர்த்து ஒரு எபிசோட் பண்ணுவோம். அடுத்த வாரம் பார்ப்போம்.